கலிலியோவுக்கு நேர்ந்தது டச்சு நாட்டில் ஏன் யாருக்கும் நேரவில்லை?

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காக ரோமின் கத்தோலிக்க விசாரணை மன்றம் 1633இல் கலிலியோவைத் தண்டித்தது. டச்சு நாட்டில் அப்படி நடக்காததால், பூமி சுற்றுகிறது என்பதை அங்கிருந்த மதகுருமார் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. யூட்ரெக்ட் நகரின் இறையியல் பேராசிரியர் வூட்டியஸ் கடைசிவரை கடுமையாக எதிர்த்தார். யோசுவா சூரியனை நிற்கச் சொன்ன பைபிள் பகுதியை நேர்ப்பொருளில்தான் படிக்க வேண்டும், அதாவது நகர்வது சூரியனே என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1642இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகம் பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட்டின் புதிய தத்துவத்தையே கண்டித்தது.

ஆனால் அந்தக் கண்டனம் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. முக்கியக் காரணம் அதிகார அமைப்பு. அங்கே ரோமின் விசாரணை மன்றம் போன்ற ஒன்று கிடையாது. டோர்ட் நகரில் 1618–19இல் நடந்த டச்சுத் திருச்சபையின் தேசிய மாநாட்டுக்குப் பிறகு அந்த நூற்றாண்டில் தேசிய அளவிலான திருச்சபை மாநாடு கூடவே இல்லை. ஆகவே நாடு முழுவதற்கும் தடை விதிக்கத் திருச்சபையில் ஆளில்லை. பல்கலைக்கழகங்களும் நகர, மாகாண ஆட்சியாளர்களின் கையில் இருந்தன.

பிலிப்ஸ் லான்ஸ்பெர்கனைப் பாருங்கள். சீலாந்து மாகாணத்தில் கூஸ் நகரில் சீர்திருத்தச் சபை என்ற டச்சுப் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் போதகராக இருந்தவர். பூமியின் தினசரி, வருடாந்தர இயக்கங்களை ஆதரித்து 1629இல் டச்சு மொழியிலேயே நூல் வெளியிட்டார். வானியலைக் கற்பிப்பது பைபிளின் நோக்கமல்ல என்பது அவர் நிலை. என் பார்வையில் அவருடைய பலவீனம் மதம் சார்ந்தது அல்ல, கணிதம் சார்ந்தது: கோள்களின் பாதை நீள்வட்டம் என்ற வானியலாளர் கெப்ளரின் முடிவை ஏற்காமல் வட்டங்களையே பிடித்துக்கொண்டார். அதனால் 1632இல் வந்த அவரது கோள் அட்டவணைகள் பரவலாகப் பயன்பட்டும், ஆங்கிலேய வானியலாளர் ஹாரக்ஸ் தன் நோக்கல்களோடு ஒப்பிட்டபோது பிழையாயின.