பச்சை மங்கியது யார் தவறு?

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு மாணவி நான். காசு வாங்கிக்கொண்டு செய்த முதல் வேலை, ஒரு கல்யாணப் பத்திரிகை. திரையில் பளிச்சென்று இருந்த கிளிப்பச்சை, அச்சில் பாசி நிறமாகிவிட்டது. பெயரில் இருந்த ‘கோ’வும் உடைந்திருக்கிறது. 500 பத்திரிகைக்கான செலவைக் கல்யாண வீட்டார் என்னிடம் கேட்கிறார்கள். தவறு என்னுடையதா?

பதில்: பெரும்பங்கு உங்களுடையதுதான். திரை நிறத்தை ஒளியால் காட்டுகிறது. ஆஃப்செட் அச்சில் இருப்பது நான்கு மை. கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு, மின்னும் நீலம் மூன்றுக்கும் அந்த மைகள் எட்டா. திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் வரைந்து கடைசியில் மாற்றாமல், அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே-யிலேயே தொடங்கியிருந்தால் அந்த மங்கல் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பச்சைதான் வேண்டுமென்றால் தனி மை போடச் சொல்லலாம், செலவு கூடும்.

‘கோ’ உடைவதற்கு இரண்டு காரணங்கள். அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. அல்லது இன்டிசைன், போட்டோஷாப் மென்பொருளில், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட் ரெடி’ அமைப்பைத் தேர்ந்திருக்க மாட்டீர்கள். எழுத்தைச் சரிபார்த்து, எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக (அவுட்லைன்) மாற்றி அனுப்புங்கள். மாற்றாத பிரதி ஒன்று கையில் இருக்கட்டும், முகூர்த்த நேரம் மாறினால் திருத்த வேண்டுமே!

படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல். நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை நீட்டுங்கள், இல்லையேல் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100%. நான்கு மையும் கலந்தால், அச்சுத் தகடு (பிளேட்) இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

பணத்துக்கு வருவோம். புரூஃப் (மாதிரிப் பிரதி) பார்த்து அவர்கள் சம்மதித்திருந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில் விழக் கூடாது. சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கினீர்களா? இல்லையென்றால் உங்கள் கூலியை விட்டுக்கொடுத்துப் பேசி முடியுங்கள். அடுத்த வேலையில் பாதி அட்வான்ஸ், இரண்டு கரெக்‌ஷன், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லோகோ வரைந்தால் ஓப்பன் ஃபைலும் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) கொடுத்தாக வேண்டுமா?

பதில்: பேசியிருந்தால் கொடுங்கள், பேசவில்லையென்றால் தனி விலை சொல்லலாம். பதிப்புரிமையை மாற்றித்தர 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் தேவை. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம் என்றால் கதை வேறு: மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை வேலை கொடுத்தவருக்கே.