வந்த முதல் வருசமே ரக்ஸ் போடவேணுமோ?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதல் ஒருக்காச் சுருக்கிச் சொல்லுறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். 2025 புரட்டாதியிலை (செப்ரெம்பர்) நீங்களும் உங்கடை அவரும் நாலு வயசு மகளும் நிரந்தர வதிவிடம் கிடைச்சு ரொறன்ரோவுக்கு வந்திருக்கிறியள். ஸ்காபரோவிலை பேஸ்மென்ற். உங்களுக்குப் பேக்கரியிலை வேலை, பின்னேரத்திலை வீட்டிலை றோல்ஸ் செய்து குடுக்கிற யோசினை. அவர் ஊபர் ஓடத் தொடங்கியிட்டார். ஊரிலை நல்லூர்ப் பக்கம் சீதன வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறியள், வங்கியிலை கொஞ்சம் நிலையான வைப்பு. நாலு மாசச் சம்பளத்துக்கு ரக்ஸ், அதாவது வருமானவரிக் கணக்கு, போடவேணுமோ, ஊர்ச் சொத்தைச் சொல்லவேணுமோ, கோயிலிலை சந்திச்ச ஒருத்தர் கூடக் காசு எடுத்துத் தாறன் எண்டுறார் குடுக்கலாமோ. இதுதானே கேள்வி?

போடவேணும். ரெண்டு பேரும். ஒருத்தருக்கு ஒரு சதம் வருமானம் இல்லாட்டிலும் போடவேணும். ஊரிலை வருமானவரி எண்டா பெரிய வியாபாரியின்ரை தலையிடி எண்டு வளந்தனாங்கள். இங்கை அப்பிடியில்லை. நீங்கள் ரக்ஸ் போட்டாத்தான் அரசாங்கத்துக்கு நீங்கள் இருக்கிறதே தெரியும். பிள்ளைக் காசு, எச்.எஸ்.ரி எண்ட விற்பனை வரியிலை திருப்பிக் குடுக்கிற காசு, ஒன்ராறியோ மாகாணம் தாற காசு எல்லாம் அந்தக் கணக்கிலையிருந்துதான் வருகுது. நான் வந்த முதல் வருசம் மனுசிக்கு வேலை இல்லை, அவவுக்கு என்னத்துக்கு ரக்ஸ் எண்டு விட்டிட்டன். ஆடி (ஜூலை) மாசம் பிள்ளைக் காசு நிண்டுபோச்சு. ஒவ்வொரு வருசமும் ஆடியிலை புதுக் கணக்குத் தொடங்கும், அதுக்குத் தாய் தகப்பன் ரெண்டு பேரின்ரை போன வருசக் கணக்கும் வேணும் எண்டு பேந்துதான் தெரியும்.

பிள்ளைக் காசுக்கு ரக்ஸ் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. ஆர்.சி 66 எண்ட படிவத்தோடை, புதுசா வந்த ஆக்களுக்கான இணைப்பையும் நிரப்பி உடனை அனுப்புங்கோ. வர முந்தி ஊரிலை என்ன உழைச்சனீங்கள் எண்டு அதிலை கேக்கும், உள்ளதை எழுதுங்கோ. 2025 ஆடியிலையிருந்து 2026 ஆனி வரைக்கும், ஆறு வயசுக்குக் கீழை உள்ள ஒரு பிள்ளைக்கு வருசத்துக்கு ஆகக்கூட 7,997 டொலர். குடும்ப வருமானம் ஏறக்குறைய 37,500 ஐத் தாண்டினாப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையும். உது சின்னக் காசில்லை, பேஸ்மென்ற் வாடகையிலை ஒரு துண்டு.

கடைசி நாள் சித்திரை (ஏப்ரல்) 30. ஊபர் ஓடுறதாலை உங்கடை அவருக்கும், அவரின்ரை மனுசி எண்டபடியாலை உங்களுக்கும் ஆனி (ஜூன்) 15 வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா கட்டவேண்டிய காசுக்கு அந்தச் சலுகை இல்லை, அது சித்திரை 30 தான். அடுத்த நாளே வட்டி தொடங்கும். பத்திரத்தையே பிந்திக் குடுத்தா, கட்டாமல் கிடக்கிற தொகையிலை 5 வீதம் தண்டம், அதுக்கு மேலை மாசம் ஒரு வீதம்.

உங்கடை பேக்கரி வேலைக்கு மாசி (பெப்ரவரி) முடிய முந்தி, உழைச்சதையும் கழிச்ச வரியையும் காட்டிற ரீ4 எண்ட தாள் வரும். வீடு மாறினா வேலைத்தலத்துக்குப் புது விலாசத்தைச் சொல்லிப்போடுங்கோ. ரெண்டாவதாய் ஒரு பகுதிநேர வேலை எடுத்தா ஒண்டிலை கவனம். வேலைக்குச் சேரேக்கை ரீடி1 எண்டு ஒரு படிவம் தருவினம். வரியில்லாமல் விடுற அடிப்படைத் தொகையை ஒரு இடத்திலைதான் எழுதலாம். ரெண்டு இடத்திலையும் எழுதினா ரெண்டு முதலாளியும் குறைச்சுக் கழிப்பினம், கையிலை சம்பளம் வடிவாய் வரும், சித்திரையிலை பில் வரும். அந்த அடிப்படைத் தொகை மத்திய வரிக்கு 2025 இலை 16,129 டொலர். வந்த வருசம் அது பொதுவாய் முழுசாய்க் கிடையாது, நீங்கள் வந்த நாளிலையிருந்து மார்கழி 31 வரைக்கும் எத்தினை நாளோ அந்தக் கணக்குத்தான். அதாலை வந்திறங்கின திகதியைச் சரியாய் எழுதுங்கோ.

இனி நல்லூர் வீடு. இதுதான் கனபேர் மறைக்கிறதும் மாட்டுறதும்.

வந்திறங்கின நாளிலையிருந்து, உலகத்திலை எங்கை உழைச்சாலும் அது கனடாவுக்குச் சொல்லவேண்டிய வருமானம். அதுக்கு முந்தி உழைச்சதுக்கு இங்கை வரி இல்லை. சலுகையளைக் கணக்குப் பாக்கிறதுக்காக அந்தத் தொகையையும் படிவத்திலை கேப்பினம், அவ்வளவுதான். ஆகவே புரட்டாதிக்குப் பிறகு வந்த வீட்டு வாடகையை எழுதவேணும், சோலைவரி, திருத்த வேலைச் செலவு மாதிரியானதுகளைக் கழிச்சுப்போட்டு. வீடு சீதனமாய் உங்கடை பேரிலை இருந்தா வாடகையும் உங்கடை கணக்கிலைதான் வரும். வைப்பு வட்டியும் அப்பிடித்தான், எடுக்காமல் வங்கியிலையே விட்டிருந்தாலும் வருசா வருசம் எழுதவேணும். ஊரிலை வட்டியிலை வரி கழிச்சிருந்தா அதுக்கு வங்கியிட்டைக் கடிதம் எடுத்து வையுங்கோ. கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையிலை 1982 இலையே வரி ஒப்பந்தம் ஒண்டு இருக்கு. அங்கை கட்டினதை இங்கை கட்டவேண்டியதிலை கழிக்கலாம், ஆனா தாள் காட்டவேணும்.

நீங்கள் கேக்காத ஒண்டு, ஆனா இதைத்தான் முதல் செய்யவேணும். ஊரிலை இருக்கிற ஆரும் சொந்தக்காரரைப் பிடிச்சு, நீங்கள் கனடா வந்த நாளிலை அந்த வீடும் காணியும் என்ன விலைக்குப் போகும் எண்டு ஒரு மதிப்பீட்டாளரிட்டை எழுத்திலை எடுப்பியுங்கோ. கனடாவின்ரை கணக்கிலை, நீங்கள் அந்தக் காணியை வந்த நாளிலை, அந்த நாள் விலைக்கு வாங்கின மாதிரித்தான். பத்து வருசத்தாலை விக்கேக்கை, அதுக்கு மேலை ஏறின லாபத்திலை பாதிக்குத்தான் வரி. அந்தக் கடிதம் இல்லாட்டி வந்த நாள் விலை இதுதான் எண்டு என்னத்தைக் காட்டப்போறியள்? நான் எடுக்கேல்லை. 2019 இலை சுன்னாகத்திலை எங்கடை மூண்டு பரப்புக் காணியை விக்கேக்கை, நான் வந்த 2003 இலை என்ன விலை எண்டு நிறுவப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழைய உறுதியளைத் தேடி, பக்கத்துக் காணி வித்த ஆளைக் கெஞ்சி, ஒரு கோடை காலம் அதிலையே போச்சு.

வெளிநாட்டுச் சொத்து எல்லாம் சேந்து ஒரு லட்சம் கனடா டொலரைத் தாண்டினா ரீ1135 எண்ட படிவமும் இருக்கு. வரி கட்டிற படிவமில்லை அது, சும்மா சொல்லுற படிவம்தான். சொல்லாட்டி நாளுக்கு 25 டொலர், 2,500 வரைக்கும் தண்டம். நீங்கள் போயிருந்து பாவிக்கிற வீடு எண்டா கணக்கிலை வராது, நகையும் வராது. வாடகை வீடு வரும். வந்த முதல் வருசத்துக்கு இந்தப் படிவம் தேவையில்லை, உங்களுக்கு 2026 ஆம் வருசக் கணக்கிலையிருந்துதான். நல்லூரிலை இப்ப பரப்பு போற விலைக்குத் தாண்டக்கூடும், பாத்துக்கொள்ளுங்கோ.

ஊபர் விசயத்திலை உங்கடை அவருக்கு ஆரோ பிழையாய்ச் சொல்லிப்போட்டினம். "முப்பதாயிரம் டொலர் வரைக்கும் ஒண்டும் தேவையில்லை" எண்ட கதை ஸ்காபரோவிலை எல்லா ரீக்கடையிலையும் கிடைக்கும். அந்த 30,000 எச்.எஸ்.ரிக்கு மட்டும்தான், வருமானவரிக்கு இல்லை. எச்.எஸ்.ரியிலையும் ரக்ஸி ஓடுற ஆக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆளேத்தி ஓடுறது 2017 ஆடியிலையிருந்து ரக்ஸி மாதிரித்தான், முதல் ஓட்டத்திலையிருந்தே எச்.எஸ்.ரி நம்பர் வேணும். சாப்பாடு மட்டும் கொண்டுபோய்க் குடுக்கிறது எண்டாத்தான் 30,000 கதை பொருந்தும். நம்பர் இன்னும் எடுக்கேல்லை எண்டா இந்தக் கிழமையே எடுக்கச் சொல்லுங்கோ.

20 டொலர் ஓட்டத்துக்குப் பயணி மேலதிகமாய் 2.60 எச்.எஸ்.ரி கட்டுறார். அது கிழமைக் காசோடை கலந்து அவரின்ரை வங்கிக் கணக்குக்கு வந்திடும். பாக்க உழைப்பு மாதிரி இருக்கும், ஆனா அது அரசாங்கத்தின்ரை காசு, அவர் காவிக்கொண்டு திரியிறார். பெற்றோல், ரயர், திருத்த வேலைக்கு அவர் கட்டின எச்.எஸ்.ரியை, ஊபர் ஓடின அளவுக்குக் கழிச்சு மிச்சத்தைக் கட்டவேணும். அதோடை ஓய்வூதியக் காசு. வேலைத்தலத்திலை பாதியை முதலாளி கட்டுவார். சொந்தத் தொழில் எண்டா ரெண்டு பாதியும் அவரின்ரை தலையிலை, செலவு கழிச்ச வருமானத்திலை முதல் 3,500 போக 11.9 வீதம். வருமானவரி அதுக்கு மேலை. ஆரும் கழிச்சுத் தாறதில்லை எண்டபடியாலை, கிழமைக்கு வாறதிலை எச்.எஸ்.ரியையும், மிச்சத்திலை காற்பங்கையும் வேறை கணக்கொண்டிலை போட்டு மறந்துவிடச் சொல்லுங்கோ. காற்பங்கு என்ரை கணக்கு, சட்டம் இல்லை.

காருக்குள்ளை ஒரு கொப்பி வையுங்கோ. காலமை மீற்றர் எத்தினை, இரவு எத்தினை, அதிலை ஊபருக்கு எத்தினை கிலோமீற்றர். காப்புறுதி, பெற்றோல் எல்லாத்திலையும் அந்த விகிதத்தைத்தான் செலவாய்க் காட்டலாம். பற்றுச்சீட்டுகளை ஆறு வருசம் வைச்சிருக்கவேணும். நானும் ஒரு காலம் ரக்ஸி ஓடினனான், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ளை பெற்றோல் துண்டுகளை ஒழுங்காய்ப் போட்டு வைச்சன். ரெண்டு வருசத்தாலை கேட்டுக் கடிதம் வந்து திறந்து பாத்தா முக்கால்வாசி வெள்ளைத் தாள். அந்தப் பளபளப்புத் தாளிலை எழுத்து நிக்காது, வெயில் பட்ட காருக்குள்ளை கிடந்தா இன்னும் கெதியாய் அழியும். இப்ப ஃபோனிலை படம் எடுத்து வைக்கலாம், எங்களுக்கு அது இருக்கேல்லை.

உங்கடை றோல்ஸுக்கு நம்பர் இப்ப தேவையில்லை. தொடர்ந்து வாற நாலு காலாண்டிலை வியாபாரம் 30,000 ஐத் தாண்டினாத்தான். ஆனா முதல் பெட்டி றோல்ஸ் வித்த காசிலையிருந்து வருமானமாய் எழுதவேணும். எண்ணெய், மா, பெட்டி எல்லாம் செலவு.

கோயிலிலை சந்திச்ச ஆளிட்டைப் போகவேண்டாம். 2006 இலை நானும் ஒருத்தரிட்டைப் போனனான். ஒரு பிளாசாவுக்குப் பின்னாலை சின்ன அறை, சாமிப் படம், வரிசையிலை எங்கடை சனம். "அண்ணை, 400 டொலர் தாங்கோ, 4,000 டொலருக்குத் தருமப் பற்றுச்சீட்டுப் போடுறன், வரியிலை ஆயிரத்து ஐந்நூறுக்கு மேலை திரும்பி வரும்" எண்டார். வந்தது. மூண்டு வருசத்தாலை மண்ணிறக் கடித உறை ஒண்டும் வந்தது, அந்த 4,000 எப்பிடிக் குடுத்தனீங்கள், காசோலைப் பிரதியைக் காட்டுங்கோ எண்டு. என்னத்தைக் காட்டுறது? முழுக்கத் திருப்பிக் கட்டினன், வட்டியோடை ரெண்டாயிரத்துக்குக் கிட்ட. அந்த வட்டி நாளுக்கு நாள் வட்டிக்கு வட்டியாய் ஏறுறது. அவரின்ரை ஃபோன் வேலை செய்யேல்லை. அவரைச் சொல்லி என்ன, கையெழுத்து என்ரை. ஆர் செய்து தந்தாலும் அனுப்ப முந்தி ரீ183 எண்டு ஒரு தாளிலை கையெழுத்து வாங்குவினம். அதிலை இருக்கிற தொகையள் என்ன எண்டு ஒவ்வொண்டாய்க் கேட்டுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ. கோயிலுக்கு உண்மையாய்க் குடுத்திருந்தா, அது பதிஞ்ச தர்ம ஸ்தாபனமோ எண்டு வரிக் கந்தோரின்ரை பட்டியலிலை நீங்களே பாக்கலாம்.

அதே ஆள் "வருமானத்தைக் குறைச்சுக் காட்டுவம்" எண்டும் சொல்லுவார். வீடு வாங்கக் கடன் கேக்கப் போனாலும், அம்மா அப்பாவைக் கூப்பிட விண்ணப்பிச்சாலும் முதல் கேக்கிறது வரிக் கந்தோர் அனுப்பிற மதிப்பீட்டுக் கடிதம். பெற்றோரைக் கூப்பிட மூண்டு வருசக் கடிதம் வேணும். பதினைஞ்சாயிரம் எண்டு காட்டிப்போட்டு ஏழு லட்சத்துக்கு வீடு கேக்கேலாது.

வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்குத் தொண்டராய் இலவசமாய்ச் செய்து குடுக்கிற ரக்ஸ் முகாம் மாசி, பங்குனியிலை நூலகங்களிலையும் சமூக நிலையங்களிலையும் நடக்கும். சொந்தத் தொழில் கணக்கைப் பொதுவாய் அங்கை செய்யமாட்டினம், அதாலை அவருடையதுக்கு ஒரு நல்ல கணக்காளரைப் பிடியுங்கோ, காசு குடுத்தாலும் பரவாயில்லை.

பேஸ்மென்ற் வாடகையையும் மறக்கவேண்டாம். ஒன்ராறியோ தாற காசுக்குக் கட்டின வாடகையை எழுதலாம், வீட்டுக்காரரின்ரை பேரும் எழுதவேணும். "என்ரை பேரைப் போடாதேங்கோ" எண்டு சில வீட்டுக்காரர் சொல்லுவினம், அவை வாடகையைக் கணக்கிலை காட்டிறதில்லை. அது அவையின்ரை பிரச்சினை. எண்டாலும் வாடகைக்கு வீடு கிடைக்கிறது எவ்வளவு கஸ்ரம் எண்டு எனக்கும் தெரியும், பாத்துக் கதையுங்கோ.

வங்கியிலை ஆர்.ஆர்.எஸ்.பி எண்ட ஓய்வுகாலச் சேமிப்புப் போடச் சொல்லிக் கேப்பினம். 2025 கணக்குக்கு அதிலை போட உங்களுக்கு இடமே இல்லை, போன வருச உழைப்பிலை 18 வீதம்தான் அதுக்கு இடம், அதுவும் ரக்ஸ் போட்டாப் பிறகு. ரீ.எஃப்.எஸ்.ஏ எண்ட வரியில்லாச் சேமிப்புக் கணக்கு எண்டா 2025 க்கு 7,000, 2026 க்கு 7,000, ஆளுக்கு. 2009 இலையிருந்து சேந்த இடம் இருக்கு எண்டு ஆரும் சொன்னா நம்பவேண்டாம், அது இங்கை இருந்த ஆக்களுக்கு.

கடைசியாய்க் கேட்டியள், மாசாமாசம் ஊரிலை அம்மாவுக்கு அனுப்பிற காசை எங்கையாவது எழுதலாமோ எண்டு. ஏலாது தங்கச்சி. நானும் இருவது வருசமாய் ஒவ்வொரு கணக்காளரிட்டையும் கேட்டுப் பாத்திட்டன்.