பஞ்ச காலத்துத் தலைவி

அன்புள்ள ஐயா,

1930-களில் ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ சங்கத்தின் தலைவியாக இருந்த எடித் ஸ்காட் மேக்னாவைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம் அது. ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது, வம்சப் பெருமை பேசும் சங்கத்தை நடத்தியதில் என்ன சாதனை இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

நியாயமான கேள்வி. ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ சங்கத்தில் சேர, சுதந்திரப் போருக்கு உதவிய ஒரு மூதாதையின் நேர்வழி வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பெருமைதான்.

ஆனால் மேக்னா 1932-ல் தலைமைக்கு வந்தபோது கையில் இருந்தது பெருமை மட்டுமல்ல, கடனும்தான். சங்கம் வாஷிங்டனில் கட்டிய கான்ஸ்டிடியூஷன் ஹாலுக்கான கடன் அது. அந்த அரங்கம் திறந்தது 1929-ல். அந்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது. 1933 மார்ச்சில் நாடு முழுக்க வங்கிகளையே மூடிவிட்டார்கள். சந்தாவை நம்பிப் பிழைக்கும் சங்கத்துக்கு இது எப்பேர்ப்பட்ட அடி! அப்படியும் தென் கரோலினாவிலும் அலபாமாவிலும் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளிகளை அவர்கள் கைவிடவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவில் அவர்கள் செய்த வேலை. நாட்டுக்குள் விடலாமா, திருப்பி அனுப்பலாமா என்று தீர்மானமாகும்வரை குடியேறிகளை அப்போது அங்கே நிறுத்தி வைப்பார்கள். பாஷை தெரியாது, செய்ய வேலையும் கிடையாது. அந்தப் பெண்களுக்குத் துணியும் நூலும் கம்பளி நூலும் பெட்டி பெட்டியாக அனுப்பியது இந்தச் சங்கம். காத்திருக்கும் நாளில் குழந்தைக்கு ஒரு சட்டை தைக்கலாம். நாட்டுப்பற்று என்றால் இதையும்தான் சொல்வேன்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே 1932-ல்தான் அந்த ஹாலின் மேடையில் கறுப்பினக் கலைஞர்களுக்கு இடமில்லை என்ற விதி வந்தது. 1770-ல் பாஸ்டனில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் குண்டுக்கு இரையாகி, அமெரிக்கப் புரட்சியின் முதல் பலிகளில் ஒருவராகக் கருதப்படும் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் கறுப்பினத்தவர். அந்தப் புரட்சியின் பெயரைச் சூடிய சங்கமே இப்படிச் செய்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேக்னாவின் மூன்று ஆண்டுகளிலும் விதி அப்படியே இருந்தது. கடனை அடைக்கப் பணம் வேண்டும், சரி. இந்த விதியை அடித்துவிட ஒரு காசுகூடத் தேவைப்பட்டிருக்காது. 1939-ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அந்த மேடையை மறுத்தார்கள். அவர் லிங்கன் நினைவகப் படிகளில் பாடினார், 75,000 பேர் திரண்டு வந்து கேட்டார்கள்.