தருமபுரி அழகு நிலையங்களில் டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் கொடுப்பது வழக்கம். அந்தக் கணக்கு தருமபுரிக்குத் தேவையில்லை. உரிமையாளரே புருவம் திருத்தி ஃபேஷியலும் செய்யும் சிறிய பார்லரில், பேரம் பேசாமல் கட்டணத்தைக் கொடுப்பதே போதுமான மரியாதை. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, உங்கள் குதிகால் வெடிப்பைப் பொறுமையாகத் தேய்த்துப் பெடிக்யூர் செய்திருந்தால், 50 அல்லது 100 ரூபாயை அவர் கையிலேயே கொடுங்கள்; கல்லாவில் ஜிபேயில் சேர்த்துச் செலுத்தினால் அது அவரைச் சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை. பில்லில் உள்ள ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி, டிப்ஸ் அன்று. முகூர்த்த நாளில் விடியுமுன்பே மண்டபத்துக்கு வந்து மணப்பெண்ணை அலங்கரிப்பவருக்கு, தாம்பூலத்தோடும் ரவிக்கைத் துணியோடும் பணம் வைத்துத் தருவது அழகு. உடன் வந்த உதவியாளரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். லேசர் சிகிச்சை செய்யும் தோல் மருத்துவரிடம் டிப்ஸ் நீட்டுவது முறையன்று.