எழுத்து வருகிறது, படம் வரவில்லை: லேப்டாப் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். “மற்றதெல்லாம் சரி அண்ணாச்சி, படம் மட்டும் தெரியவில்லை” என்று வந்த கேள்விகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை.

மேலப்பாளையம், கல்லூரி மாணவி: படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம் போன்ற சின்னம்தான் தெரிகிறது. ஒரே பக்கத்தில் எழுத்து மட்டும் எப்படி வரும் அண்ணாச்சி?

ஒரே பக்கம் என்பது நம் கண்ணுக்குத்தான். கல்யாணத்துக்கு மறுநாள் நம்மூரில் போடும் சொதிச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளம்மா. சோறு கொண்டுவருகிறவர் ஒருவர், சொதி வாளி தூக்குகிறவர் வேறொருவர். பிரவுசர் முதலில் பக்கத்தின் எழுத்தை வாங்கும். அதில் குறித்திருக்கும் முகவரிகளைப் பார்த்து ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கேட்கும். பெரிய தளங்கள் படங்களை வேறு சர்வரில், அதாவது கேட்டதை அனுப்பிவைக்கும் வேறொரு கணினியில், வைத்திருப்பார்கள். அது படுத்துவிட்டாலோ, வழியில் ஏதாவது மறித்தாலோ இலையில் வெறும் சோறுதான்.

வாளி எங்கே நின்றது என்று கண்டுபிடிப்போம். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு அதே பக்கத்தைத் திற. அங்கேயும் படம் இல்லையென்றால் பெரும்பாலும் கோளாறு தளத்தில்தான். காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. கைபேசியில் வந்தால், லேப்டாப்பை அதன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார். இப்போது வந்துவிட்டால் வீட்டு இணைப்பில்தான் கோளாறு. ரூட்டரை அணைத்துப் போடு. சரியாகாவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்று. ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லையா? லேப்டாப்புக்குள்தான் தேட வேண்டும். குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைநிலைச் சாளரம் திறக்கும். அதில் படம் வந்தால் காரணம் இரண்டில் ஒன்று: பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன் மறிக்கிறது, அல்லது முன்பு பார்த்ததைப் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கேஷ் கெட்டிருக்கிறது. விளம்பரத் தடுப்பான் வைத்திருந்தால் என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான். விளம்பரம் என்று நினைத்து நல்ல படத்தையும் விரட்டிவிடும்.

அதே மாணவி: மறைநிலையில் வருகிறது. ஆனால் எக்ஸ்டென்ஷன் எதுவும் என்னிடம் இல்லையே?

அப்படியானால் கேஷ்தான். சாதாரணச் சாளரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் அழுத்து. சேமித்து வைத்ததைத் தொடாமல் எல்லாவற்றையும் புதிதாக வாங்கும். அதற்கும் மசியவில்லையென்றால் வரலாற்றை அழிக்கும் இடத்துக்குப் போய், கேஷ் படங்களும் கோப்புகளும் என்ற கட்டத்தை மட்டும் தேர்ந்தெடு. கடவுச்சொற்களையும் சேர்த்து அழித்துவிட்டு என்னிடம் வந்து அழாதே.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எந்தத் தளத்திலும் ஒரு படம்கூட இல்லை. டேட்டாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பேரன் ஏதோ செய்தான்.

பேரன் கெட்டிக்காரன் சார். படத்தையே நிறுத்திவிட்டான். குரோமில் அமைப்புகள், தனியுரிமை, தள அமைப்புகள், படங்கள் என்று உள்ளே போய் அனுமதியுங்கள். பயர்பாக்ஸ் என்றால் அதன் உள் அமைப்புப் பட்டியலில் படத்துக்கு ஓர் எண் இருக்கும். 1 என்றால் காட்டு, 2 என்றால் காட்டாதே, 3 என்றால் அந்தத் தளத்தின் சொந்தப் படங்களை மட்டும் காட்டு. பேரனையே கூப்பிட்டு 1 ஆக்கச் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. படம் வராததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பாதுகாப்பான (https) தளங்கள் தங்களை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கின்றன. உங்கள் கடிகாரம் பழைய வருடத்தில் நின்றால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். சில பழைய தளங்களில் எழுத்து சாதாரண வழியிலும், படம் பாதுகாப்பான வழியிலும் வரும். அங்கேதான் படம் மட்டும் காணாமல் போகிறது. பழைய லேப்டாப் என்றால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள்.

வள்ளியூர் வாசகர்: விண்டோஸ் 7, பழைய பயர்பாக்ஸ். சில படங்கள் வருகின்றன, சில வரவே இல்லை.

வராதவை வெப்பி (WebP) அல்லது ஏவிஐஎஃப் (AVIF) என்ற புதிய படக்கோப்பு வகையாக இருக்கும். வெப்பியை 2010இலேயே கூகுள் அறிவித்துவிட்டது; பயர்பாக்ஸ் அதைக் காட்டத் தொடங்கியது 2019இல் வந்த 65ஆம் பதிப்பிலிருந்துதான். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிக் குரோம் 109 இரண்டையும் காட்டும். அதைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் 2023க்குப் பிறகு அந்த விண்டோஸுக்குப் புதிய குரோம் இல்லை. வங்கி வேலையை அந்த லேப்டாப்பில் செய்யாதீர்கள்.

களக்காடு வாசகர்: படத்தின் மேல்பாதி மட்டும் வந்து நின்றுவிடுகிறது.

வேகம் போதவில்லை, அல்லது இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது. சாதாரண ஜேபெக் படம் மேலிருந்து கீழாக இறங்கும், வந்தவரைதான் தெரியும்.

திசையன்விளை வாசகர்: விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார் ஒருவர். போடலாமா?

வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. தொழில் தொடங்கிய புதிதில் நானும் ஒருவருக்கு அப்படிச் செய்தேன். எல்லாம் முடித்து அதே பக்கத்தைத் திறந்தால், அப்போதும் படம் இல்லை. கோளாறு அந்தத் தளத்தில். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அழிந்த கல்யாணப் படங்களைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

பத்தமடை, பாய் வியாபாரி: எங்கள் கோரைப் பாய்களுக்கு நானே இணையதளம் செய்திருக்கிறேன். என் லேப்டாப்பில் எல்லாப் படமும் தெரிகிறது. சென்னையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியவில்லையாம்.

படத்தின் முகவரியைப் பாருங்கள். ‘சி’ டிரைவ் என்று தொடங்குகிறதா? அப்படியென்றால் பக்கம் உங்கள் லேப்டாப்புக்குள் தேடுகிறது. சென்னைக்காரர் வீட்டில் உங்கள் ‘சி’ டிரைவ் ஏது? படங்களைச் சர்வரில் ஏற்றி, அந்த முகவரியைக் கொடுங்கள்.

பத்தமடை வியாபாரி, மறுபடியும்: ஏற்றிவிட்டேன் அண்ணாச்சி. பத்தில் ஏழு வருகிறது, மூன்று வரவில்லை.

பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, நடுவில் இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். இன்னொன்று: கைபேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் 5, 6 எம்பி. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்தாலே பாயின் பின்னல் நன்றாகத் தெரியும், களக்காட்டுக்காரருக்கும் முழுப் பாயாக வந்து சேரும்.