வணிக வார இதழ்களில் வரும் நிறுவனக் கட்டுரைகளைப் படித்துப் பங்கு வாங்கலாமா?

படிக்கலாம். அதை நம்பி வாங்க வேண்டாம். நான் வாங்கிச் சூடுபட்டவன். ஒரு வார இதழின் அட்டையில் ஒரு நிறுவனத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். உள்ளே ஏழு பக்கக் கட்டுரை. அந்த வாரமே வாங்கினேன். நாலு வருஷம் கழித்துப் போட்டதில் பாதிதான் கைக்கு வந்தது.

கட்டுரையில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. அட்டையில் போடும் அளவுக்கு ஒரு நிறுவனம் பேசப்படுகிறது என்றால், அதன் பங்கு அநேகமாக ஏற வேண்டியதெல்லாம் ஏறியிருக்கும். பிசினஸ்வீக், ஃபார்ச்சூன், ஃபோர்ப்ஸ் என்ற மூன்று அமெரிக்க வணிக இதழ்களின் 20 ஆண்டு அட்டைக் கட்டுரைகளை அலசிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. புகழ்ந்தவை பொதுவாகப் பங்கு நன்றாக ஏறிய பிறகும், திட்டியவை சரிந்த பிறகும்தான் வந்திருந்தன. அதற்கப்புறம் அந்த வேகம் பெரும்பாலும் நீடிக்கவில்லை.

தொழில்முனைவோர் கட்டுரைகளில் வேறொரு சிக்கல். கதை சொல்பவரே கதாநாயகர். 2014-ல் ரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரானோஸின் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸை ஃபார்ச்சூன் அட்டையில் போட்டது. (அது வார இதழ் இல்லை, இருந்தாலும் சங்கதி ஒன்றுதான்.) அடுத்த ஆண்டே ஒரு நாளிதழ் அந்த ரத்தப் பரிசோதனையின் வண்டவாளத்தை வெளியிட்டது. அட்டைக் கட்டுரை எழுதிய நிருபர், தான் எப்படி ஏமாந்தேன் என்று அதே இதழில் எழுதினார். அந்த இரண்டாவது கட்டுரைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரி, அப்படியானால் இதழ்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. தொழில்துறையினரிடம் கருத்துக் கேட்டு ஃபார்ச்சூன் வெளியிடும் பட்டியலில், அமெரிக்காவின் மிகப் புதுமையான நிறுவனம் என்று என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. அதே ஃபார்ச்சூனில்தான் 2001 மார்ச்சில் நிருபர் பெத்தனி மெக்லீன், இந்த நிறுவனம் உண்மையில் எப்படித்தான் சம்பாதிக்கிறது என்று கேட்டு எழுதினார். டிசம்பரில் என்ரான் திவால்.

அதனால் இப்போது நான் இதழைப் பின்னாலிருந்து புரட்டுகிறேன். லாபம் காட்டுகிறார்களே, ரொக்கம் வந்ததா, கடன் எவ்வளவு என்று கேட்கும் சின்னக் கட்டுரைகள் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். அட்டைக் கட்டுரையை எடுத்து வைத்து, ஒரு வருஷம் கழித்துப் படிப்பேன். எனக்கு நஷ்டம் வைத்த அந்தக் கட்டுரையில், அந்த நிறுவனத்தின் கடன் ஐந்தாம் பக்கத்திலேயே ஒரு வரியில் இருந்தது.