மகள் வரப்போகிறாள், ஜிம்மியை என்ன செய்வது?

கேள்வி: குழந்தையைத் தத்தெடுக்க, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா வழியாகப் பதிவு செய்து நீண்ட காலம் காத்திருந்தோம். இப்போது இரண்டரை வயதுப் பெண் குழந்தையை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சில வாரங்களில் அழைத்து வருவோம். எங்கள் லாப்ரடார் ஜிம்மிக்கு நான்கு வயது. எங்கள் கட்டிலில்தான் தூங்குவான். நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
- வாசகி, மதுரை

பதில்: கொடுத்துவிட வேண்டாம். ஆனால் வேலையை இன்றே தொடங்குங்கள். வீட்டில் பிறக்கும் குழந்தை சில மாதங்கள் படுத்த இடத்திலேயே கிடக்கும். நாய்க்குப் பழக அவகாசம் இருக்கும். உங்கள் மகளோ வந்த அன்றே ஓடுவாள், வாலைப் பிடிப்பாள், ஜிம்மியின் முகத்தோடு முகம் வைப்பாள்.

முதலில் கட்டில். அவள் வந்த பிறகு இறக்கிவிட்டால், இடம் பறிபோனதற்கு அவள்தான் காரணம் என்று ஜிம்மி முடிச்சுப் போட்டுவிடுவான். இப்போதே கூடத்தின் ஒரு மூலையில் பாய் விரியுங்கள். "ஜிம்மி, பாய்" என்றதும் போய்ப் படுத்தால் உப்பில்லாமல் அவித்த கோழி ஒரு துண்டு. அந்த மூலை அவனுக்கு மட்டும்தான். குழந்தை தாண்ட முடியாதபடி தடுப்பு வையுங்கள். சாப்பாடும் தனி அறையில், கதவைச் சாத்திவிட்டு.

தினமும் அவன் காதையோ வாலையோ ஒரு நொடி மெல்லப் பிடித்து, உடனே தின்னக் கொடுங்கள். உடல் விறைத்தால் நிறுத்திவிடுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, அப்படியே உறைந்து நிற்பது எல்லாம் "போதும்" என்று அவன் சொல்லும் விதங்கள். உறுமினால் திட்டாதீர்கள், குழந்தையை விலக்குங்கள். உறுமக் கூடாது என்று கற்ற நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடித்துவிடும்.

மகளின் பக்கத்தையும் மறக்காதீர்கள். அவளுக்கு நாய் என்றால் பயமா என்று இல்லத்தில் கேளுங்கள். பார்க்கப் போகும்போது ஜிம்மியின் படத்தைக் காட்டுங்கள். அவள் உடுத்திய சட்டை ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வந்து, ஜிம்மி மோந்து பார்க்கட்டும்.

அவள் வரும் நாளில் ஜிம்மி வாசலில் நிற்கவே வேண்டாம். தனக்குச் சோறூட்டிய ஆயாவையும் படுத்துறங்கிய தொட்டிலையும் அன்றுதான் அவள் விட்டு வருகிறாள். அந்த மனசுக்கு முப்பது கிலோ நாயின் பாய்ச்சல் வேண்டாமே. சில நாள் கழித்துத் தடுப்புக்கு இருபுறமும், அதன்பின் ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் மடியில் அவள் இருக்கப் பார்க்கட்டும். ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் இருந்தாலே நல்ல தொடக்கம். தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்துக்குக்கூட இருவரையும் தனியே விடாதீர்கள். இன்னும் பல ஆண்டுகளுக்கு இதுதான் விதி.

ஜிம்மிக்கு வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் தேதி தவறாமல் போட்டாயிற்றா என்று பாருங்கள். மகளுக்கு முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போடுவது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பல் பட்டாலும் நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஜிம்மி யாரையாவது கடித்திருந்தாலோ, சாப்பாட்டுத் தட்டருகே உறுமுபவனாக இருந்தாலோ, நான் எழுதியது மட்டும் போதாது. அவள் வருவதற்கு முன்பே நாய்களின் நடத்தை அறிந்த மருத்துவர் ஒருவர் அவனை நேரில் பார்க்க வேண்டும்.